பாட்டிக்கு 65 மார்க்

போன தீபாவளிக்கு முன்னால் நம் கிளை நண்பர்கள் 11 பேர் சேர்ந்து, புக்கிட் மெர்தாஜாம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் வயதானவர்கள் வீடுகளுக்கு அரிசி, எண்ணெய், பிஸ்கட் டின் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்களில் நான்கு பேர் சக்கர நாற்காலியில் இருந்தார்கள். எல்லாம் முடிந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அண்ணன் கேட்டார்: "கொடுத்தாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. இதனால அவங்க வாழ்க்கையில என்ன மாறிச்சு? எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் நிபோங் திபாலில் பொறியியல் படிக்கிறவன். எதையாவது அளக்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டிலேயே ஒரு சக்கர நாற்காலி இருக்கிறது, என் பாட்டியுடையது. இந்த மாதப் பாடத்துக்கு அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு முதியவரின் அன்றாட வாழ்க்கையை எப்படி அளப்பது? எதை அளந்தால் உண்மை தெரியும்?

பாட்டிக்கு 76 வயது. அல்மா பக்கம் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீரால் இரண்டு வருஷத்துக்கு முன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் போட்டுப் பார்த்தோம், புண் வந்து வந்து அது பீரோ மேலே ஏறிவிட்டது. அப்புறம் நாற்காலிதான்.

சென்ற ஆண்டு ஒரு பரிசோதனைக்குப் போனபோது அங்கே ஒரு படிவத்தை நிரப்பினார்கள். கேள்வி கேட்டது பாட்டியை, பதில் சொன்னது அம்மா. கடைசியில் 65 என்று எழுதினார்கள். அந்த எண் எங்கள் வீட்டில் பெரிய வேலை செய்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த மாமா படிவத்தைப் பார்த்துவிட்டு, "65 மார்க்தான் வாங்கியிருக்காங்க. இனிமே வீட்டுல வச்சுப் பார்க்க முடியாது, ஒரு நல்ல இல்லமா பார்த்துச் சேர்த்துடலாம்" என்றார். மாமா கெட்டவர் அல்ல, மாசாமாசம் பணம் அனுப்புகிறவர். பாட்டி ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த 65 எங்கிருந்து வந்தது?

அந்தப் படிவத்துக்குப் பெயர் பார்தெல் அளவுகோல். அமெரிக்காவில் மேரிலேண்ட் மாநிலத்தில் மஹோனி என்ற மருத்துவரும் பார்தெல் என்ற உடலியக்கச் சிகிச்சையாளரும் 1965-இல் வெளியிட்டது. பத்து விஷயங்கள்: சாப்பிடுவது, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது, முகம் கழுவித் தலை சீவுவது, கழிவறை போவது, குளிப்பது, நடப்பது, படி ஏறுவது, உடுத்துவது, மலம், சிறுநீர் இரண்டையும் அடக்குவது. மொத்தம் 100. கேட்பதற்குச் சில நிமிஷம் போதும், அதனால் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

நம் நாட்டிலும் அப்படித்தான். 2018-இல் சுகாதார அமைச்சு 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்து நடத்திய தேசிய ஆய்வில், இந்த வகை அடிப்படை வேலைகளில் சிரமம் உள்ளவர்கள் 17 விழுக்காடு என்று வந்தது. கடைக்குப் போவது, சமைப்பது, துணி துவைப்பது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பணத்தைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளில் பிறர் துணை வேண்டியவர்கள் 42.9 விழுக்காடு. இந்த இரண்டாவது வகைக்கு 1969-இல் லாட்டன், புரோடி இருவரும் வெளியிட்ட எட்டுக் கேள்விப் பட்டியல்தான் அடிப்படை. (அந்தக் காலத்தில் ஆண்களிடம் சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது மூன்றையும் கேட்காமல் ஐந்தோடு நிறுத்திக்கொள்வார்களாம். நம் தாத்தாக்களுக்கு நல்ல வசதி.)

பாட்டியின் 65-ஐப் பிரித்துப் பார்த்தேன். சாப்பிட 10. கட்டிலுக்கு மாற, கொஞ்சம் கை கொடுத்தால் போதும், 15-க்கு 10. முகம், தலை 5. உடுத்த 10. மலம், சிறுநீர் இரண்டுக்கும் 10, 10. கழிவறைக்கு 10-க்கு 5. குளிக்க 0. படி ஏற 0. நடப்பதுதான் வேடிக்கை. உதவியில்லாமல் 50 கஜம், அதாவது சுமார் 45 மீட்டர் நடந்தால் 15 மார்க். நடக்க முடியாதவர் நாற்காலியைத் தானே அதே தூரம் தள்ளி, மூலை திரும்பி, மேசைக்கும் கட்டிலுக்கும் கொண்டுபோய் நிறுத்தினால் 5 மார்க். பாட்டி அதை வாங்கிவிட்டார்.

இப்போது கணக்குப் போடுங்கள். நாற்காலியில் இருக்கும் ஒருவர் மற்ற எல்லாவற்றையும் பிசகில்லாமல் தானே செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடப்பதில் 10 போகும், படியில் 10 போகும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 80-க்கு மேல் போக முடியாது. பரீட்சைத் தாளே 80-க்குத்தான். 65-ஐ 100-க்குப் பார்ப்பது ஒன்று, 80-க்குப் பார்ப்பது வேறு. மாமா 100-க்குப் பார்த்தார்.

பார்தெல் கெட்ட அளவுகோல் என்று நான் சொல்ல வரவில்லை. வார்டிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது நல்ல கருவி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மில்லிவோல்ட் மீட்டரைக் கொண்டுபோய் வீட்டு பிளக்கில் செருகினால் மீட்டர்மேல் குற்றம் சொல்ல மாட்டோம், செருகினவனைத்தான் திட்டுவோம். "இவர் வாழ்க்கை எப்படி இருக்கு?" என்ற கேள்விக்குப் பார்தெலைச் செருகக் கூடாது.

தமிழ்நாட்டில் ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் என்று ஒருவர். 1975-இல், பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். குளிக்க, உடுத்த, எதற்கும் ஆள் துணை வேண்டும். 1981-இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சஹாலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மையமாக அது வளர்ந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பார்தெல் படிவத்தில் அவருக்கு என்ன வந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கதவுக்குப் போட்ட மார்க்

பாட்டியின் கழிவறை மார்க் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டிலுக்கு ஓரளவு மாறத் தெரிந்தவருக்குக் கழிவறையில் மட்டும் ஏன் அம்மா துணை வேண்டும்? மீட்டர் டேப் எடுத்தேன். நாற்காலியின் அகலம், தள்ளும் வளையத்தோடு சேர்த்து, 65 செண்டிமீட்டர். கழிவறைக் கதவு மடிக்கிற பிளாஸ்டிக் கதவு. முழுக்கத் திறந்தாலும் கிடைக்கிற இடைவெளி 61. நாலு செண்டிமீட்டர்! பாட்டி வாசலில் நாற்காலியை விட்டுவிட்டு அம்மா தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் குதித்து உள்ளே போய்க்கொண்டிருந்தார். ஈரத் தரையில். படிவத்தில் அது பாட்டியின் இயலாமையாகப் பதிவாகியிருக்கிறது. அந்த மார்க் உண்மையில் கதவுக்குப் போட்டது.

நான் என்னவோ பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட மாதிரி குதித்தேன். பிறகு படித்துப் பார்த்தால் உலக சுகாதார நிறுவனம் இதை 2001-லேயே எழுதி வைத்திருக்கிறது. ஐ.சி.எஃப். என்று சொல்லும் அதன் வகைப்பாடு, ஒருவரின் உடல்நிலை வேறு, அவர் செய்யும் காரியங்கள் வேறு, வாழ்க்கையில் அவர் பங்கெடுப்பது வேறு என்று பிரிக்கிறது. இவற்றோடு சுற்றுச்சூழலையும் சேர்க்கிறது: வீடு, வாசல், சாலை, உபகரணம், சட்டம், மனிதர்களின் மனப்போக்கு எல்லாம் அதில் அடங்கும். இரண்டு சொற்களை அது தனித்தனியாக வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா வசதியும் சமமாக இருக்கிற ஓர் இடத்தில் ஒருவரால் என்ன முடியும் என்பது திறன். அவருடைய சொந்த வீட்டில், சொந்தத் தெருவில் நிஜமாக என்ன செய்கிறார் என்பது செயல். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அவருடைய உடம்பில் இல்லை. எங்கள் வீட்டில் அது 4 செண்டிமீட்டர்.

நம் நாட்டுச் சட்டமும் இதே பார்வையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், சட்டம் 685, ஓகேயூ யார் என்று சொல்லும்போது உடற்குறையோடு நிறுத்தவில்லை. அந்தக் குறையும் வெளியில் இருக்கும் தடைகளும் சேர்ந்து ஒருவர் சமுதாயத்தில் முழுமையாகப் பங்கெடுப்பதைத் தடுக்கலாம் என்று சொல்கிறது. ஓகேயூ அட்டை என்றால் கார் நிறுத்தத்தில் நீலக் கட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் வரையறையிலேயே 'பங்கேற்பு' என்ற சொல் இருப்பது எனக்குத் தெரியாது.

"பரவாயில்லப்பா"

சரி, பங்கேற்பை எப்படி அளப்பது? முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 கேள்வித்தாளை எடுத்தேன். 12 கேள்விகள் கொண்ட சின்னது ஒன்று, 36 கேள்விகள் கொண்ட பெரியது ஒன்று. கடந்த 30 நாளில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிரமம் இருந்தது என்று கேட்கும். அரை மணி நேரம் நிற்பது, ஒரு கிலோமீட்டர் நடப்பது எல்லாம் அதில் உண்டு, பாட்டிக்கு அந்த இரண்டும் வீண். ஆனால் ஒரு கேள்வியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருவிழா, சமய நிகழ்ச்சி போன்ற சமூகக் காரியங்களில் மற்றவர்களைப் போலவே கலந்துகொள்வதில் எவ்வளவு சிரமம் என்று அது கேட்கிறது. திருவிழாவுக்குப் போவதும் மனிதனின் ஆரோக்கியக் கணக்கில் சேரும் என்று ஜெனீவாவில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்!

பாட்டியிடம் கேட்டேன்.

"பாட்டி, வெளிய போறதுல எவ்வளவு சிரமம் இருக்கு உங்களுக்கு?"

"பரவாயில்லப்பா."

"கோவில், கல்யாணம் இதுக்கெல்லாம்?"

"அதெல்லாம் பரவாயில்லய்யா. நீ சாப்பிட்டியா?"

பன்னிரண்டு கேள்விக்கும் இதுதான். படிவத்தை நம்பினால் பாட்டி மலேசியாவிலேயே சௌகரியமான மனுஷி. நம் வீட்டுப் பெரியவர்களிடம் "கஷ்டமா?" என்று கேட்டால் கஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் நமக்குப் பாரம் என்று நினைக்கும் தலைமுறை அது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் எதிர்ப்பக்கம் சாயும்: அம்மாவைக் கேட்டால் பாட்டிக்கு முடிந்ததும் முடியாததாகிவிடும். பராமரிக்கிறவர்கள் சிரமத்தைக் கூட்டிச் சொல்வது வழக்கம் என்று ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். இது அம்மாவின் தப்பு இல்லை. தூக்குகிறவருக்குத்தான் கனம் தெரியும்.

எனக்குக் கைகொடுத்தது வேறொரு கருவி. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் முதியவர்களுக்காக உருவாக்கி 2003-இல் வெளியிட்டது. அதைத் தமிழில் 'வாழ்வெளி' அளவு என்று சொல்லிக்கொள்ளலாம். அது சிரமத்தைப் பற்றியே பேசாது. கடந்த நான்கு வாரத்தில் எங்கே போனீர்கள், எத்தனை தடவை, யார் துணையோடு? அவ்வளவுதான். வாழ்வெளியை ஐந்து வட்டமாகப் பிரிக்கிறார்கள். படுக்கும் அறையைத் தாண்டி வீட்டின் மற்ற இடங்கள் 1. வீட்டு முன்வாசல், வெளி வராந்தா 2. அக்கம்பக்கம் 3. அதைத் தாண்டி ஊருக்குள் 4. ஊரைத் தாண்டி 5. ஒவ்வொரு வட்டத்தின் எண்ணையும் எத்தனை தடவை என்பதற்கான எண்ணால் பெருக்க வேண்டும்: வாரம் ஒரு தடவைக்கும் குறைவு என்றால் 1, வாரம் 1 முதல் 3 தடவை 2, 4 முதல் 6 தடவை 3, தினமும் என்றால் 4. பிறகு துணைக்கான எண்ணால் பெருக்க வேண்டும்: ஆள் துணை வேண்டும் என்றால் 1, கருவி மட்டும் போதும் என்றால் 1.5, எதுவும் வேண்டாம் என்றால் 2. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 120. நாற்காலியில் தனியாகவே எங்கும் போய் வருகிறவருக்கு 90 வரை வரும்.

இந்தக் கேள்விக்குப் பாட்டியால் "பரவாயில்ல" என்று சொல்ல முடியவில்லை. ஹால், சமையல்கட்டு தினமும், தானே தள்ளிக்கொண்டு: 1 × 4 × 1.5 = 6. முன்வாசல் தினமும் மாலையில், ஆனால் அப்பா தூக்கி இறக்கணும்: 2 × 4 × 1 = 8. தாமானுக்குள் நான்கு வாரத்தில் இரண்டே தடவை: 3. ஊருக்குள் ஒரு தடவை, கிளினிக்: 4. ஊரைத் தாண்டி எங்கும் இல்லை: 0. மொத்தம் 21.

முப்பது வருஷம் விடியற்காலை 5 மணிக்கு வீட்டை விட்டு இறங்கிய மனுஷிக்கு 21.

இந்தக் கருவிக்கும் ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் போகிற ஒரு தாத்தாவை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஊருக்குள் என்ற வட்டத்தில் மட்டும் 4 × 2 × 1 = 8 வந்துவிடும். பாட்டிக்கு அதில் 4தான். அந்தத் தாத்தா அதிகமாக வாழ்கிறார் என்று அர்த்தமா? ஊசியிலிருந்து ஊசிக்குப் போய் வருகிறார். எங்கே என்று மட்டும் எண்ணினால் போதாது, எதற்காக என்றும் கேட்கணும்.

பாட்டி சொன்ன பதில்

எதற்காக என்று கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கென்றே உருவாக்கியது. அதில் பட்டியல் எதுவும் கையில் கொடுக்க மாட்டார்கள். நாற்காலியில் இருந்துகொண்டு வீட்டுக்குள் எதையெல்லாம் செய்ய விரும்புகிறீர்கள், வெளியே எதில் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், இப்போது அதில் எவ்வளவு திருப்தி, இரண்டுக்கும் 0 முதல் 10 வரை. இரண்டையும் பெருக்குவார்கள்.

பாட்டி என்ன சொல்வார் என்று முன்கூட்டியே என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: கோவில், பாசார், பேரப்பிள்ளை கல்யாணம். கெட்டிக்காரத்தனம்! கோவில் வந்தது, வெள்ளிக்கிழமை விளக்கு. முக்கியம் 10, திருப்தி 2. துளசிக்குத் தானே தண்ணீர் ஊற்றணும் என்றார். முன்வாசல் படிக்குக் கீழே இருக்கிறது துளசி, அதனால் திருப்தி 1. பாசாருக்குப் போய்த் தானே மீன் பார்த்து வாங்கணும், அம்மாவுக்கு மீன் பார்க்கத் தெரியாதாம். இன்னும் ஏதாவது இருக்கா பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"சாவு வீட்டுக்குப் போகணும்யா."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. பாட்டியோடு ஒரே நிரையில் மரம் வெட்டிய ஒரு பாட்டி, சுங்கை பாக்காப்பில் மகள் வீட்டில் இருந்தவர், ஐந்து மாதத்துக்கு முன் இறந்துவிட்டார். செய்தி வந்த அன்று பாட்டியை அழைத்துப் போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. கூட்டம், படி, நாற்காலியை வைக்க இடமில்லாத கார். "பாட்டிக்கு எதுக்கு சிரமம், நாம போயிட்டு வந்துடலாம்" என்று சொன்னது நான்தான். அப்பாவும் அம்மாவும் போய் வந்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கும் அதேதான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் 'பரவாயில்ல'தான் சொல்லியிருப்பார்.

முக்கியம் எவ்வளவு பாட்டி என்றேன். 10 என்றார். திருப்தி? கையை மட்டும் விரித்தார். 0 என்று எழுதிக்கொண்டேன். நான் எடுத்துப் பார்த்த எந்தப் படிவத்திலும் 'துக்கம் விசாரிக்கப் போவது' என்ற கட்டம் கிடையாது. கேட்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் செய்தது

கழிவறைக் கதவையும் சட்டத்தையும் கழற்றி, கனமான திரை போட்டோம். இடைவெளி 72 ஆனது. உள்ளே சுவரில் பிடிக்கம்பி. பாட்டி இப்போது தானே போய் வருகிறார். அம்மா திரைக்கு இந்தப் பக்கம் நின்று "முடிஞ்சதா, முடிஞ்சதா" என்று கேட்பதுதான் தொல்லையாம்.

முன்வாசல் படி 17 செண்டிமீட்டர். சாய்தளத்துக்குப் பொதுவான விதி 1-க்கு 12, அதாவது 1 செண்டிமீட்டர் உயர 12 செண்டிமீட்டர் நீளம். 17-க்கு 204. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீட்டினால் அப்பாவின் கார் நிற்கும் இடத்தில் பாதி போய்விடும். இரண்டு வாரம் வாக்குவாதம். கடையில் விற்கும் குட்டைச் சாய்தளம் போதாதா என்றார் அப்பா. நானே நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சரிவில் ஏறிக் காட்டினேன், பின்பக்கம் சாய்ந்து விழப் பார்த்தேன். மறுநாளிலிருந்து கார் சாலையோரத்தில் நிற்கிறது.

கோவில்தான் கடினம். எங்கள் தாமான் பக்கத்துக் கோவிலில் முன்வாசலில் மூன்று படி, மொத்தம் 45 செண்டிமீட்டர். 5.4 மீட்டர் சாய்தளம் வேண்டும், அதற்கு இடம் இல்லை. பக்கவாட்டுக் கதவில் ஒரே படி, 15 செண்டிமீட்டர், 1.8 மீட்டர் பலகையில் முடிந்துவிடும். வரைபடம் போட்டு நிர்வாகக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். ஒரு பெரியவர், "ரோட்டு அழுக்கெல்லாம் சக்கரத்துல ஒட்டிக்கிட்டு மண்டபத்துக்குள்ள வரலாமா?" என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பூ கட்டும் அக்கா ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "நாம கால் கழுவிட்டு வர்றோம்ல, அதே பைப்புல சக்கரத்தையும் கழுவிட்டு வரட்டும்." அத்தோடு விவாதம் முடிந்தது. தமிழ்நாட்டின் பெரிய கோவில்கள் சிலவற்றில் கோவிலே சக்கர நாற்காலி வைத்திருக்கிறார்கள். இங்கேயும் ஒன்று வாங்கலாமா என்று இப்போது பேச்சு நடக்கிறது.

சுங்கை பாக்காப்புக்கும் போனோம். மடித்தாலும் நாற்காலி எங்கள் மைவியின் பின்பக்கத்தில் நுழையாது, பின்சீட்டில்தான் வைக்கணும். அதனால் காரில் அப்பாவும் பாட்டியும், பின்னால் மோட்டாரில் நான். இறந்தவரின் மகள் வாசலுக்கு ஓடி வந்து பாட்டியின் மடியில் தலையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதார்கள். பிறகு கோப்பி வந்தது, பழைய கங்காணி ஒருவரைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள்.

அந்த நான்கு வாரத்தை மறுபடி கணக்குப் போட்டேன். வீட்டுக்குள் 6. முன்வாசல் தினமும், இப்போது தானே: 2 × 4 × 1.5 = 12. வெள்ளிக்கிழமை கோவில், தங்கச்சி தள்ளிக்கொண்டு போகிறாள்: 3 × 2 × 1 = 6. ஞாயிறு பாசார்: 4 × 2 × 1 = 8. சுங்கை பாக்காப்: 5 × 1 × 1 = 5. மொத்தம் 37. பார்தெல் 65-லிருந்து 70 ஆகியிருக்கிறது, கழிவறைக்கு 5 கூடியதால். காலோ, வயதோ, இனிப்பு நீரோ எதுவும் மாறவில்லை. மாமாவுக்கு இரண்டு தாளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இந்த 37 எத்தனைக்கு?" என்று கேட்டார். போன் பண்ணி அரை மணி நேரம் விளக்கினேன். இல்லத்துப் பேச்சை அவர் இன்னும் முழுக்க விடவில்லை. ஆனால் அடுத்த தடவை வரும்போது பாட்டியையே கேட்கலாம் என்றிருக்கிறார்.

நம் கிளை இந்த ஆண்டு எண்ணெயும் அரிசியும் கொடுக்கப் போகும்போது ஒரு நோட்டையும் எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். ஒப்புதல் கேட்டு, அவர்களுக்குப் பழக்கமான மொழியில், வீட்டார் பதில் சொல்லுமுன் அவர்களையே கேட்கணும். நாலு வாரத்தில் எங்கே போனீங்க, யாரோட, எதுக்கு, எங்கே போகணும்னு ஆசை. மூன்று மாதம் கழித்து மறுபடி போய் அதையே கேட்கணும். அவர்கள் பெயரும் எண்ணும் நம் குழுவில் சுற்றக் கூடாது. கதவை அளக்க ஒரு மீட்டர் டேப் போதும். உபகரணம் வேண்டியவர்களுக்குச் சமூக நல இலாகாவில் உதவி நிதி உண்டு, பாரத்தை நிரப்பிக் கொடுக்க நம்மில் ஒருவர் போனாலே பாதி வேலை முடியும்.

பாட்டியின் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பாலம் தாண்டிப் பினாங்குக்குப் போகணுமாம். தண்ணீர்மலையின் 513 படி அவருக்கு வேண்டாம், "தேருதான் ரோட்டுக்கே வருதே" என்கிறார். முக்கியம் 10. குடும்பத்தோடு போகணும் என்கிறார், நாற்காலி பின்சீட்டில் ஏறினால் அதற்கு வழி இல்லை. பெரிய வேன் வைத்திருக்கும் கிளை நண்பர்கள் யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்தில் என்னைப் பாருங்கள். நாற்காலியின் அளவு என்னிடம் இருக்கிறது.